நிரப்புப் புரதத் தடுப்பு மருந்துகளும் தன்னெதிர்ப்புத் தசை நோய்களும்: ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நோயெதிர்ப்பு அமைப்பு தன் தசைகளையே தாக்கும் நோய்கள் சிலவற்றில் நிரப்புப் புரதங்களுக்குப் பங்குண்டு. அவற்றுள் சி5 என்னும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் பயன் தந்துள்ளன. தன்னெதிர்ப்புத் தசைநசிவு நோயில் நடந்த சோதனையில் பயன் தரவில்லை. நோயுற்ற இடத்தில் ஒரு புரதம் காணப்படுவது வேறு, அப்புரதமே நோயை நடத்துவது வேறு என்பதை இவ்வேறுபாட்டின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிரப்புப் புரதம், தன்னெதிர்ப்பு, மயஸ்தீனியா கிராவிஸ், தசைநசிவு, சிலுக்கோப்லான்.

முன்னுரை

குருதிநீரில் எதிர்ப்பொருளுக்குத் துணைநின்று நுண்ணுயிரிகளை அழிப்பதும், சூடாக்கினால் செயலிழப்பதுமான ஒரு பொருள் உண்டு என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெல்ஜிய அறிஞர் ஜூல் போர்டே விளக்கினார். 1919ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பொருளுக்குக் 'காம்ப்ளிமென்ட்' என்று பெயரிட்டவர் பால் எர்லிக். அது 30க்கும் மேற்பட்ட புரதங்களின் தொகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இக்கட்டுரை அதனை நிரப்புப் புரதம் எனச் சுட்டுகிறது.

செயல்முறையும் தடுப்பும்

எதிர்ப்பொருள் தன் இலக்கைப் பற்றியதும் நிரப்புப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டுகின்றன. இத்தொடரின் பிற்பகுதியில் சி5 இரண்டாகப் பிளவுபடுகிறது. சி5ஏ அழற்சிச் செல்களை ஈர்க்கிறது. சி5பி, சி6 முதல் சி9 வரையுள்ள புரதங்களுடன் கூடிச் செல்சவ்வைத் துளைக்கும் 'சவ்வுத் தாக்குத் தொகுதி' ஆகிறது. எக்குலிசுமாப், ரவுலிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்துகளும், 15 அமினோ அமிலங்களாலான சிலுக்கோப்லான் என்னும் வளையப் பெப்டைடும் சி5 பிளவுபடாமல் தடுக்கின்றன.

மயஸ்தீனியா கிராவிஸ்

இந்நோயின் களம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடமாகும். நோயாளிகளுள் பெரும்பாலோரிடம் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உள்ளன. அவை ஏற்பியை அடைக்கின்றன. ஏற்பிகளைப் பிணைத்துச் செல்லுக்குள் இழுக்கச் செய்கின்றன. நிரப்புப் புரதங்களைத் தூண்டித் தசைச்சவ்வின் மடிப்புகளைச் சிதைக்கின்றன. நோயாளிகளின் நரம்புத்தசைச் சந்திப்பில் எதிர்ப்பொருளும் சி3 புரதமும் படிந்திருப்பதை ஏங்கெல் குழுவினர் 1977இல் வெளிப்படுத்தினர்.

எக்குலிசுமாப் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையில் 125 நோயாளிகள் பங்கேற்றனர். முன்கூட்டி வகுத்த முதன்மை அளவீட்டில் வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. எனினும் பிற அளவீடுகள் பயனைக் காட்டியமையால் 2017இல் அமெரிக்காவில் அம்மருந்து இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. ரவுலிசுமாப் 2022இலும் சிலுக்கோப்லான் 2023இலும் ஒப்புதல் பெற்றன. 174 பேர் பங்கேற்ற சிலுக்கோப்லான் சோதனையில், அன்றாடச் செயல்திறனை அளக்கும் நோய்மதிப்பெண் 12 வாரங்களில் மருந்து பெற்றோரிடம் 4.39 புள்ளிகளும் போலி மருந்து பெற்றோரிடம் 2.30 புள்ளிகளும் குறைந்தது.

இவ்வொப்புதல்கள் ஏற்பி எதிர்ப்பொருள் உடையோருக்கு மட்டுமே உரியன. மஸ்க் என்னும் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் ஐஜிஜி4 வகையைச் சார்ந்தவை. அவ்வகை நிரப்புப் புரதங்களைத் தூண்டுவதில்லை. ஆகவே, நோயின் பெயரன்று, எதிர்ப்பொருளின் வகையே மருந்தைத் தீர்மானிக்கிறது எனலாம்.

தன்னெதிர்ப்புத் தசைநசிவு நோய்

இந்நோயில் தசைநார்களே அழிகின்றன. எஸ்ஆர்பி அல்லது எச்எம்ஜிசிஆர் என்னும் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நோயாளிகள் பலரிடம் காணப்படுகின்றன. திசு ஆய்வில் தசைநார்ச் சவ்வின்மீது சவ்வுத் தாக்குத் தொகுதி படிந்திருப்பது தெரிகிறது. நோயாளிகளின் எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது தசை வலு குறைந்தது. சி3 இல்லாத எலிகளில் அப்பாதிப்பு குறைவாக இருந்தது. எனவே சி5 தடுப்பு பயன்தரும் என்னும் எதிர்பார்ப்புக்கு வலுவான அடிப்படை இருந்தது.

ஆயினும் 27 நோயாளிகளிடம் 8 வாரங்கள் நடந்த சிலுக்கோப்லானின் இரண்டாம் கட்டச் சோதனையில், தசைச் சிதைவைக் காட்டும் கிரியேட்டின் கைனேஸ் அளவு போலி மருந்து பெற்றோருடன் ஒப்பிடுகையில் குறையவில்லை. இம்முடிவு 2023இல் வெளியாயிற்று. எதிர்ப்பொருள்கள் தசைச்செல்லுக்குள் புகுந்து தம் இலக்குப் புரதத்தின் பணியைக் குலைக்கலாம் என்பதற்கான சான்றுகளும் அண்மை ஆய்வுகளில் கிடைத்துள்ளன. அவ்வாறாயின், சவ்வின்மேல் படிந்த தொகுதி சேதத்தின் முதற்காரணமாகாமல் அதன் உடன்விளைவாகவும் இருக்கக்கூடும். சோதனை சிறியது, குறுகிய காலத்தது என்பதையும், சி3 நிலையிலான தடுப்பை அது சோதிக்கவில்லை என்பதையும் இங்கு மனங்கொள்ள வேண்டும்.

தடுப்பின் விலை

சவ்வுத் தாக்குத் தொகுதி மெனிங்கோகாக்கசு நுண்ணுயிரிக்கு எதிரான முதன்மைக் காப்பாகும். சி5 தடுக்கப்பட்டோருக்கு உயிருக்கு ஆபத்தான மூளையுறைத் தொற்று ஏற்படலாம். எனவே, முதல் தவணைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும் என்பது நெறிமுறை. தடுப்பூசி ஆபத்தைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்காது. பயன் உறுதிப்படாத நோயில் இம்மருந்தைத் தருவது, ஈடின்றி ஒரு காப்பை இழப்பதாகும்.

முடிவுரை

இரு நோய்களிலும் எதிர்ப்பொருள் உண்டு; நிரப்புப் புரதப் படிவும் உண்டு. ஒரே மருந்து ஒன்றில் பயன் தந்தது, மற்றொன்றில் தரவில்லை. திசுவில் காணும் படிவு ஐயத்தை எழுப்பும் சான்று மட்டுமே; அதனைத் தடுத்து நோய் தணிகிறதா என்று நோயாளிகளிடம் சோதித்த பின்னரே அது காரணமாக உறுதிப்படும். அவ்வகையில், தோல்வியுற்ற சோதனையும் நோயின் இயல்பை விளக்கும் அறிவாகவே அமைகிறது.