அரிவாள் உயிரணுச் சோகை: பெயரும் பொருளும்

முன்னுரை

சோகை என்னும் சொல் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவையே நினைவூட்டுகிறது. ஆனால் அரிவாள் உயிரணுச் சோகை உணவுக் குறையால் தோன்றுவதன்று. பெற்றோரிடமிருந்து மரபணு வழியே வருவது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

உயிர்வளியைத் திசுக்களுக்குக் கொண்டு செல்வது சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் ஆகும். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமைவதே இந்நோய்க்குக் காரணம். உயிர்வளியை இழந்த நிலையில் இத்தகைய ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து நார்களாகின்றன. அதனால் வட்டமான அணு அரிவாள் வடிவம் பெறுகிறது. வளையும் தன்மையற்ற அவ்வணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் கடும் வலியும் உறுப்புச் சேதமும் உண்டாகின்றன. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாட்களில் சிதைந்துவிடுகிறது. எனவே இரும்புச்சத்து மாத்திரை மட்டும் இதற்குத் தீர்வாகாது.

ஆய்வு வரலாறு

1910இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இவ்வணுக்களை முதன்முதலில் விவரித்தார். 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் குழுவினரும் இதனை மூலக்கூற்று நோய் என நிறுவினர். 1952இல் லேமன், கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் அணுக்கூறு காணப்படுவதை வெளியிட்டனர். ஒரு மரபணு மட்டும் பெற்றவர்க்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைப்பதை 1954இல் அலிசன் விளக்கினார். மலேரியா பரவிய நிலப்பகுதிகளில் இக்கூறு நிலைபெற்றமைக்கு இதுவே காரணமாகும்.

நோயரும் சுமப்பவரும்

ஒரு மரபணு மட்டும் உடையவர் சுமப்பவர். பொதுவாக அவர் நலமாகவே வாழ்வார். சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு 25 விழுக்காடு. இந்திய அரசு 2023இல் தொடங்கிய ஒழிப்பு இயக்கம், 2047ஐ இலக்காகக் கொண்டு பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை நடத்துகிறது. சுமப்பவரையும் நோயர் என அழைத்தால், பரிசோதனையே அவர்தம் திருமணத்திற்கும் மதிப்பிற்கும் தடையாகிவிடும்.

முடிவுரை

ஹைட்ராக்சியூரியா மருந்து வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை சிலருக்கு முழுக் குணமளிக்கிறது. எனினும் சிகிச்சைக்கு முன் வேண்டுவது தெளிவான விளக்கம். சோகை, நோயர், சுமப்பவர் என்னும் சொற்களைப் பொருள் மயங்காமல் வழங்குவது மருத்துவத் தமிழின் கடமையாகும்.