மாட்டுத்தீன் பரிசோதனைகளிற் செயற்கைத் தரவுகளின் பயன்

ஐக்கிய அமெரிக்காவின் நெபிராஸ்கா, கன்சாஸ், தெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளுட் பெரும்பாலானவை தம் இறுதி மாதங்களைப் புல்வெளியிற் கழிப்பதில்லை. ஏறக்குறைய 350 கிலோகிராம் நிறையுள்ள நலமடித்த நாம்பன்கள் திறந்த பட்டிகளில் அடைக்கப்பட்டு, சோளம் மிகுந்த தீன் ஊட்டப்பெற்று, ஐந்தாறு மாதங்களில் 600 கிலோகிராமை எட்டுகின்றன. அங்கு ஒரு கிலோகிராம் நிறை கூடுவதற்கு ஏறக்குறைய ஆறு கிலோகிராம் உலர்தீன் செலவாகின்றது. ஆகவே, சிறிதளவேனும் மேலான தீன் ஒன்று உண்டெனக் கேட்டால், பட்டி நடத்துவோர் அதனை நாடுவது இயல்பே.

அத்தீன் உண்மையில் மேலானதா என அறிவது எளிதன்று. ஒரு பட்டியிலுள்ள மாடுகள் யாவும் ஒரே தொட்டியில் உண்பதால், ஒவ்வொன்றும் உண்டது எவ்வளவு எனப் பொதுவாக அளக்கப்படுவதில்லை. எனவே பரிசோதனையின் அலகு மாடு அன்று, பட்டியே ஆகும். நெற்பரிசோதனையில் ஒவ்வொரு பயிரையும் எண்ணாது பாத்தியை அலகாகக் கொள்வது போன்றது இது. ஒரே தீனை உண்ட இரு பட்டிகளும் ஒன்றுபோல் வளர்வதில்லை. ஒன்றிற் சேறு மிகும். ஒன்றிற் சுவாச நோய் பரவும். நிறுப்பதற்குச் சற்று முன் நீர் அருந்திய மாடு, வளராமலே வளர்ந்ததாகக் காட்டும்.

ஒரு பழைய தீனுக்கு 4 பட்டிகளும் புதிய தீனுக்கு 4 பட்டிகளும் ஒதுக்கப்பட்டு, புதிய தீன் உண்டவை நாளொன்றுக்குச் சராசரியாக 80 கிராம் கூடுதலாக வளர்ந்தன எனக் கொள்க. 160 நாள்களில் இது மாடொன்றுக்கு 12.8 கிலோகிராம், 100 மாடுகளுக்கு 1,280 கிலோகிராம். இலாபம் பெரிதாகத் தோன்றும். ஆனால் அது தீனால் வந்ததா, தற்செயலால் வந்ததா?

இங்கேதான் செயற்கைத் தரவு உதவுகின்றது. கணனியில் எட்டுப் பட்டிகள் எண்களாக அமைக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தீன் எனவும், பட்டிக்குப் பட்டி உள்ள வேறுபாட்டின் நியம விலகல் 80 கிராம் எனவும் விதிக்கப்படுகின்றது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு பட்டிகள் சராசரியின் இருபுறமும் 80 கிராமுக்குள் அமையும். பின்னர் இப்பரிசோதனை ஆயிரம் முறை நடத்தப்படுகின்றது. தீனில் எவ்வித வேறுபாடும் இல்லாதிருந்தும், ஏறக்குறைய 160 முறை ஒரு பக்கம் மற்றதைவிட 80 கிராமோ அதற்கு மேலோ கூடுதலாக வளர்ந்ததாகத் தோன்றும். பக்கத்துக்குப் பத்துப் பட்டிகள் வைத்தால், அவ்வாறு ஏமாற்றுவன ஏறக்குறைய 25 ஆகக் குறையும். உயிருள்ள மாடுகளுக்குத் தீன் வாங்குவதற்கு முன்னரே, எத்தனை பட்டிகள் வேண்டும் என்பது இவ்வாறு தெரிந்துவிடுகின்றது. உண்மை இன்னதென முன்னரே அறியப்பட்டிருப்பதே இம்முறையின் வலிமை. மெய்யான பட்டியில் அதனை அறிந்தவர் எவருமில்லர்.

இம்முறை கணனிக்கு முந்தியது. டப்ளின் நகரில் மதுவடிசாலையொன்றிற் பணியாற்றிய வில்லியம் கொசெற், வாற்கோதுமைப் பரிசோதனைகள் போன்ற சிறு பரிசோதனைகளை நம்புவது எவ்வளவு என அறிய விரும்பினார். 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரலின் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்கு குலுக்கி, நந்நான்காக எடுத்துக் கணித்த முடிவுகளை 1908 இல் வெளியிட்டார். இன்று கணனி குலுக்குவதும் அவ்வட்டைகளையே எனலாம்.

பட்டி மாடுகளுக்கான கணிப்பில் உடலியல் அறிவும் சேர்க்கப்படுகின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொவ்கிறீன், காரெற் ஆகிய இருவரும் 1968 இல் வெளியிட்ட முறையில், தீனின் சத்து உடலைப் பேணுவதற்கு ஒரு பங்காகவும் நிறை கூடுவதற்கு ஒரு பங்காகவும் பிரித்துக் கணிக்கப்படுகின்றது. 400 கிலோகிராம் மாடொன்று வளராமல் உயிர்வாழ்வதற்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 6.9 மெகாகலோரி வேண்டும். எஞ்சியதே இறைச்சியாகும்.

எனினும் கணிப்பில் இடப்படாதது கணிப்பிலிருந்து வெளிவராது. 2022 யூன் மாதத்திற் கன்சாஸில் வெப்பமும் ஈரப்பதனும் ஒருங்கே உயர்ந்து காற்றும் ஓய்ந்தபோது, குறைந்தது 2,000 பட்டி மாடுகள் மடிந்தன. வெப்பத்தை எண்ணாத கணிப்பில் அன்றும் மாடுகள் கொழுத்துக்கொண்டே இருந்திருக்கும். ஆதலாற் செயற்கைத் தரவு பரிசோதனை முறையைச் சோதிப்பதற்கு உரியது; ஒரு தீன் நல்லது என்பதற்கு அது சான்றாகாது. விற்பனையாளர் காட்டும் அழகிய வரைபடம் கணனியில் மட்டும் பிறந்ததாயின், அதனை நம்பிப் பணம் கொடுத்தல் தகாது.

பயிர்ச்செய்கையிலும் தற்செயலின் அளவு சிறிதன்று. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் நிலையத்தில், ஒரே வகையாகப் பயிரிடப்பட்ட ஓர் ஏக்கர் கோதுமை 1910 இல் 500 சிறு பாத்திகளாக அறுவடை செய்யப்பட்டது. ஒரு பாத்தியின் விளைவு மூன்று இறாத்தலுக்கும் குறைவாகவும், இன்னொன்றின் விளைவு ஐந்து இறாத்தலுக்கு மேலாகவும் இருந்தது. புதிய பசளையைச் சோதிக்க விரும்பும் கமக்காரரும், முதலில் ஒரு போகம் ஒரே இனத்தையும் ஒரே பசளையையும் வயல் முழுவதற்கும் இட்டு, சம அளவான பாத்திகளின் விளைவை வெவ்வேறாக நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். மறுபோகத்திற் புதிய பசளை எப்பாத்திகளுக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தல் வேண்டும். அப்பசளை காட்டும் வேறுபாட்டை முதற்போகத்துக் குறிப்புடன் ஒப்பிட்டால், அது வழக்கமான ஏற்றத்தாழ்வை மீறியதா என்பது புலப்படும்.