மருந்தாளரும் நோயாளரும்

நோய் தீர வேண்டுமாயின் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அம்மருந்தைப் பிழையின்றிக் கொடுப்பவன் என்னும் நான்கும் நன்கமைதல் வேண்டும் என்று திருக்குறளின் 95ஆம் அதிகாரம் வகுத்துரைக்கின்றது. முதல் மூன்றையும் உலகம் நன்கறியும். நான்காமவரை மறந்துவிடுவதே வழக்கம். இந்நாளில் அவ்விடத்தில் நிற்பவருள் முதன்மையானவர் மருந்தாளர்.

மலையகத்தில் இப்பணி நெடுங்காலத்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் மருத்துவ வசதிக்குத் தோட்ட நிருவாகங்களைப் பொறுப்பாக்கியது. தகுதிபெற்ற வைத்தியர் தொலைவில் இருந்தமையால், தோட்ட மருந்துச்சாலையில் மருந்து கொடுத்தவரே மக்களுக்கு ‘டாக்டர் ஐயா’ ஆனார். இன்றோ தோட்ட மக்கள் நுவரெலியா, டிக்கோயா முதலிய ஊர்களிலுள்ள அரசாங்க வைத்தியசாலைகளை நாடுகின்றனர். அங்கே இல்லாத மருந்தை நகரத்து மருந்தகங்களில் வாங்குகின்றனர்.

மருந்தாளரின் ஒரு சொல் எவ்வளவு பயன் தரும் என்பதற்குச் சோகை நோயே சான்று. இரும்புச் சத்துக் குறைவால் வரும் இந்நோய் தோட்டப் பெண்களிடையே மிகுதி. இதற்குரிய மாத்திரையை, விடியலில் பெரட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், சாயத் தண்ணீரோடு விழுங்கிவிடுதல் எளிது. ஆனால் தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு, அது உடலிற் சேராதவாறு தடுக்கின்றது. மாத்திரை நாள்தோறும் உள்ளே செல்கிறது, சோகை நீங்குவதில்லை. தேநீருக்கும் மாத்திரைக்கும் ஓரிரு மணி நேரம் இடைவெளி விடுக, தேசிக்காய்ச் சாற்றுடன் உண்பது நன்று என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

மருந்தின் பெயரும் இடர் விளைப்பதுண்டு. ஒரே மருந்துக்கு மூலப்பெயர் ஒன்று. வணிகப் பெயர்களோ பல. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக்க பிபிலே, மூலப்பெயரையே வழங்க வேண்டுமென வற்புறுத்தியவர். அரசாங்கக் கிளினிக்கில் கிளிக்லசைட் என்னும் நீரிழிவு மாத்திரையைப் பெறுபவருக்கு, தனியார் வைத்தியர் ஒருவர் அதையே வேறு பெயரில் எழுதித் தரவும் கூடும். இரண்டையும் சேர்த்து உண்டால் குருதியிலுள்ள சர்க்கரை அளவுமீறித் தாழும். செங்குத்தான சரிவிற் கொழுந்து பறிப்பவருக்கு மயக்கம் வந்தால் விளைவு யாதாகும்? பழைய மாத்திரைகளையும் வாங்கிப் பார்த்து, இரண்டும் ஒன்றே எனக் கண்டு தடுக்க வல்லவர் மருந்தாளர்.

தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. எனினும் மருந்துறையின் மேல் ஆங்கிலத்தில் மட்டும் குறிப்பு எழுதினால், லயத்து மூதாட்டிக்கு அது வெறுங்கோடே. தமிழில் எழுதித் தருவதும், எழுத்தறியாதவருக்கு வாயாற் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் செய்வதும் சலுகையல்ல. சிகிச்சையின் பகுதியே ஆகும்.

நோயாளருக்கும் கடமையுண்டு. உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருந்தாளரிடம் காட்டுதல் வேண்டும். எப்போது, எவ்வளவு, எதனுடன் என்னும் மூன்றையும் கேட்டறியாமல் மருந்தகத்தின் படியிறங்குதல் ஆகாது.