கயிறு மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்குச் செல்லும் பண்ணைப் பாதையில் இருபுறமும் கடல். அங்கே கார் பழுதுற்று நின்றால், லொறியின் பின்னே கயிற்றாற் கட்டி இழுப்பாருண்டு. கயிறு இழுக்குமேயன்றித் தடுக்காது. முன்வண்டி திடீரென நின்றால் பின்வண்டி அதன்மீது மோதும்.

மேனாடுகளில், வீடுபோல் அமைந்த மோட்டார் வண்டியின் பின்னே காரை இழுத்துச் செல்வோர் விறைப்பான இரும்புத் தண்டைப் பூட்டுவர். தண்டு கழன்றாலும் காரைப் பிடித்துக்கொள்ள இரு சங்கிலிகளும், பின்வருவோர் அறிய விளக்குகளும், காருக்குத் தனிப் பிறேக்கும் அமைப்பர்.

நம் தீவகத்தாரும் தண்டும் சங்கிலியும் வைத்திருத்தல் நன்று. சாவியைத் திருப்பி ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, அனுபவமுள்ளவரைக் காரில் அமர்த்துங்கள். இயந்திரம் ஓய்ந்தபின் பிறேக் கனத்துவிடும். தானியங்கிக் கியருள்ள கார்களை லொறியில் ஏற்றுவதே நலம்; இயந்திரம் ஓடாவிடில் அவற்றுட் பெரும்பாலானவற்றின் கியர்ப்பெட்டிக்கு எண்ணெய் செல்லாது. ஒரு சங்கிலி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.