காய்ச்சல் விட்டாலும் மாத்திரையை விடாதீங்க! மலேரியாவுக்கு 14 நாள் மருந்து ஏன்?

சென்னை:
சென்னையில் வரும் மலேரியாவில் பெரும்பாலானது 'வைவாக்ஸ்' வகை. இதற்கு 2 மருந்து தருகிறார்கள். குளோரோகுயின் 3 நாள். ரத்தத்தில் உள்ள கிருமி செத்து, காய்ச்சல் விட்டு விடும். 'உடம்பு சரியாப் போச்சு' என்று வேலைக்குக் கிளம்பி, மீதி மாத்திரையை மூலையில் போட்டு விடுகிறவர்கள் உண்டு. ஆபத்தே அங்குதான்.

இந்தக் கிருமி கல்லீரலில் பதுங்கிக் கொள்ளும். சில வாரமோ, சில மாதமோ கழித்து, கொசு கடிக்காமலேயே மறுபடி குளிர் காய்ச்சல் வரும். திரும்பவும் வேலை போச்சு, கூலி போச்சு. பதுங்கிய கிருமியைக் கொல்வது பிரைமாகுயின். இதை 14 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

* வெறும் வயிற்றில் போடக் கூடாது. போட்டதும் வாந்தி வந்தால் நர்சிடம் சொல்லுங்க.

* கர்ப்பிணிகளுக்கும், ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் தரக் கூடாது.

* சிலர் உடம்புக்கு இந்த மாத்திரை ஒத்துக்காது. சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ மாத்திரையை நிறுத்தி விட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

* மலேரியா வகைக்கு ஏற்ப மருந்து மாறும். பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை இலவசம்.