பழைய காரின் டிக்கியில் தண்ணீர்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பையில் சற்று நின்று நோக்கினால் மோட்டார்த் தொழிலின் இரு காலங்களும் நம் நினைவுக்கு வரும். மேற்கே ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் தொழிற்சாலை தொடங்கிற்று. கிழக்கே வண்டலூர்–பெருங்களத்தூர்ப் பகுதியிலோ, 1961 முதற்கொண்டே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உருவாகி வந்தது. புதிய கார்கள் லாரியேறிச் செல்லும் இதே சாலையில், பதினைந்து ஆண்டைக் கடந்து மறுபதிவு பெற்ற கார்கள் பல குடும்பங்களைச் சுமந்து செல்வதையும் காண்கிறோம். ஐப்பசி பிறந்துவிட்டால் அக்குடும்பங்களில் எழும் கேள்வி ஒன்று உண்டு: டிக்கிக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதனை அற்பக் காரியமென்று தள்ளுதல் தகாது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் துருப்பிடிப்பது ஒருபுறமிருக்கட்டும். நீர் நுழையும் வழியே புகையும் நுழையும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. ஓடும் காரின் பின்புறத்தே காற்றழுத்தம் குறைவதால், புகைக்குழாயினின்று வரும் புகை அங்கே சுழல்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்திருப்பின் அப்புகை டிக்கிக்குள் புகுந்து, பின் இருக்கையைக் கடந்து குழந்தைகளை எட்டக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நெடும் பயணத்தில் பிள்ளைகளுக்கு வரும் தலைவலியையும் குமட்டலையும் பித்தமென்று கருதி எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுக்கும் தாய்மார், வீட்டுக்காரரை அந்த ரப்பரையும் ஒருமுறை பார்க்கச் சொல்வது நலம்.

எரிவாயு சிலிண்டர் பொருத்திய கார்களில் அபாயம் இன்னும் பெரிது. சி.என்.ஜி. சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டுமென்பது விதி. ஆனால் சிலிண்டர் சோதனையில் தேறினால் மட்டும் போதுமா? அதைத் தாங்கும் சட்டமும் போல்ட்டுகளும் டிக்கியின் தளத்தையன்றோ பற்றி நிற்கின்றன! அத்தளம் அரித்துப்போயிருந்தால் என்ன பயன்?

இனி, ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் முறை. ஓட்டு வீட்டில் வாழ்ந்தோர்க்கு இதன் அடிப்படையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடு உடைவது ஓரிடம். நீர் சட்டத்தின் வழியே ஓடிச் சொட்டுவது வேறோரிடம். டிக்கியிலும் அப்படியே. ஸ்டெப்னிக் குழியில் நீர் நிற்பதைக் கண்டு குழியைக் குறைகூறுவது வீண்.

முதற்கண் விரிப்பு, ஸ்டெப்னி அனைத்தையும் அகற்றி, உட்புறத்தை நன்கு உலர்த்த வேண்டும். மூடியின் ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டே போதும். காகிதத்தை இடையில் வைத்து மூடியைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அவ்விடத்தில் ரப்பர் பற்றவில்லை என்று பொருள். பின்னர், பின்விளக்குகளைச் சுற்றியும் தகடுகள் இணையும் இடங்களிலும் உட்புறமாக முகப்பவுடர் தூவி, வெளியிலிருந்து மெல்ல நீர் ஊற்ற வேண்டும். கீழிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே செல்லுதல் முக்கியம். எடுத்த எடுப்பிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது. பவுடரில் நீர் கோடிட்டு இறங்கும் தடமே திருடனைக் காட்டிக்கொடுக்கும். பின் இருக்கையைச் சாய்க்க முடியுமாயின், ஒருவர் அவ்வழியே டார்ச் அடித்துப் பார்க்கலாம். சிறுவர்களை டிக்கிக்குள் வைத்து மூடிப் பார்க்கச் சொல்வதை மட்டும் நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மழையில் நின்ற காரில் ஒழுக்கே இல்லாமல், ஓடிய காரில் மட்டும் நீர் தேங்குகிறதா? அப்படியானால் சக்கரம் வாரியடிக்கும் நீரே காரணமாகலாம். சக்கர வளைவின் அடித்தகட்டு இணைப்புகளைப் பாருங்கள். பின்கண்ணாடியின் ரப்பர், ஏரியல் துளை, எண் பலகை விளக்கு ஆகியனவும் சந்தேகத்துக்குரியவையே. ஹெரால்டின் உடலோ பல பகுதிகளாகச் செய்து போல்ட்டிட்டு இணைக்கப்பட்டது. எனவே, அதனை இன்றும் பேணி வைத்திருப்போர் ஒவ்வொரு இணைப்பையும் ஐயுற வேண்டியதுதான்.

செப்பனிடுதல் கடினமன்று, பொறுமைதான் வேண்டும். விளக்கின் அடிரப்பர் இறுகிப் போயிருந்தால் மாற்றிவிடுக. தகட்டு இணைப்பில் வெடித்த பழைய பூச்சைச் சுரண்டி, துருவை நீக்கி, பிரைமர் அடித்து, காய்ந்த பின்னரே கார்களுக்குரிய சீலன்ட் இட வேண்டும். குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் மீதமிருக்கிறதே என்று அதைப் பூசுவோர் உண்டு. காடி நெடி வீசும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது இரும்பை அரிக்கும். மேலும், அதன்மேல் பெயின்டும் ஒட்டாது. சிக்கனம் நல்லதே, ஆனால் இங்கே அன்று.

மூடியின் ரப்பரை மாற்றுகையில் அதே பருமனுள்ளதையே வாங்குக. தடித்ததைப் போட்டால் மூடி சரியாகப் பூட்டாது. ஓங்கி அடித்துச் சாத்தப் போய்க் கீல் வளைந்துவிடும். பல நேரங்களில் பூட்டின் கொக்கியைச் சற்றே கீழிறக்கினாலே மூடி அழுந்தப் பற்றும். புது ரப்பருக்குச் செலவே இராது.

விரிப்பை மட்டும் அவசரப்பட்டு மீண்டும் போட வேண்டாம். மேற்புறம் காய்ந்தாலும் அடியிலுள்ள பஞ்சு நாட்கணக்கில் ஈரத்தை விடாது. நல்ல வெயில் கண்டு, இருபுறமும் புரட்டி உலர்த்துக.