அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி

அமெரிக்க சுதந்திர யுத்தத்தைப் பற்றிப் பாடம் சொல்லும்போது, தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்ததில் ஆரம்பித்து, யார்க்டவுனில் காரன்வாலிஸ் பிரபு சரணடைந்ததோடு முடித்துவிடுவது நம் வழக்கம். ஒரு நாள் கடைசி பெஞ்சிப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், அந்த தேசத்தில் ராஜாவின் பக்கம் ஒருவருமே இல்லையா?" என்று கேட்டான்.

ஏன் இல்லை? யுத்தம் முடிந்ததும் சுமார் 60,000 ராஜ விசுவாசிகள் தாய்நாட்டை விட்டே வெளியேறினார்கள். அவர்களில் பலருடைய கதை பாஸ்டன் நகரத்து வீதிகளில் நடந்ததல்ல. எல்லைப்புறக் காடுகளில் நடந்தது.

நியூயார்க்கில் மோஹாக் நதிக்கரையில் ஜெர்மானியரும் ஸ்காட்லாந்துக்காரரும் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். 1776-ல் அங்கே பெரும் பண்ணைக்காரரான ஸர் ஜான் ஜான்ஸன் தம் குடியானவர்கள் பலருடன் கனடாவுக்கு ஓடி, ராஜாவுக்காக ஒரு பட்டாளம் திரட்டினார். மறு வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, ஒரிஸ்கனி என்ற இடத்தில், முற்றுகையிடப்பட்ட கோட்டை ஒன்றை மீட்கச் சென்ற சுமார் 800 குடிப்படையினரை அந்தப் பட்டாளமும் செவ்விந்தியரும் ஒரு பள்ளத்தாக்கில் மறைந்திருந்து தாக்கினார்கள். சுட்டவனுக்கும் சுடப்பட்டவனுக்கும் முகம் தெரியும். நேற்று வரை ஒரே சந்தையில் தானியம் விற்றவர்கள்! குடிப்படைத் தலைவர் ஹெர்க்கிமர் காலில் குண்டுபட்டு, மரத்தடியில் அமர்ந்து, புகைக்குழாயும் வாயுமாகவே போரை நடத்தினார். சுமார் பத்து நாளில் இறந்தார். அவருடைய தம்பியோ ராஜாவின் படையில் சேவகம் செய்து கொண்டிருந்தார்.

செவ்விந்தியர் ஏன் ராஜாவின் பக்கம் போனார்கள்? அப்பலாச்சிய மலைக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாதென்று 1763-ல் கோடு கிழித்தவர் ராஜா. அந்தக் கோட்டை அழிக்கத் துடித்தவர்கள் குடியேறிகள். அவர்களுடைய விசுவாசமெல்லாம் தங்கள் மண்ணிடந்தான் என்பது நம் எண்ணம். ஆனால் ஆறு இனத்தார் கூட்டமைப்பே இரண்டாகப் பிளந்தது. மோஹாக்கர் தலைவர் ஜோஸப் பிராண்ட் ராஜாவுக்காகப் போரிட்டார். ஒனைடா இனத்தார் ஒரிஸ்கனியிலேயே ஹெர்க்கிமரோடு நின்றார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்லவே கை கூசுகிறது. 1778 நவம்பரில் செர்ரி வாலி என்ற கிராமத்தில் ராஜாவின் படையினரால் முப்பதுக்கு மேற்பட்ட குடிகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கொல்லப்பட்டார்கள். பிராண்ட் சிலரைக் காப்பாற்றினார். எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. மறு வருஷம் வாஷிங்டன் அனுப்பிய ஸல்லிவன் சேனை சுமார் 40 செவ்விந்திய ஊர்களைக் கொளுத்தி, விளைந்த சோளத்தையும் பழத்தோட்டங்களையும் அழித்தது. ஆயிரக்கணக்கானோர் நயாகராக் கோட்டை வாசலில் போய் விழுந்தார்கள். அந்தக் கடுங்குளிரில் பசியால் மாண்டவர் அநேகர்.

1783-ல் பாரிஸில் சமாதானம் கையெழுத்தாயிற்று. செவ்விந்தியரைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. பிராண்டின் ஜனங்களுக்காவது மறு வருஷம் கனடாவில் கிராண்ட் நதிக்கரையில் நிலம் கிடைத்தது. ஜெயித்த கட்சியில் நின்ற ஒனைடாக்களுக்கு அவர்கள் பூமி என்றும் அவர்களுடையதே என்று வாக்களித்தார்கள். சில வருஷங்களுக்குள் அதில் பெரும் பகுதி நியூயார்க் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது.